தெற்கே காட்டிய மண்ணீரல்

அந்த மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் ஸ்டூர்விக்கனில் மர ஆலை பாதி ஆளோடு ஓடியது. பல் டாக்டர் கதவில் "பல்வலி நாளைக்கு" என்று எழுதி மாட்டிவிட்டுக் கிளம்பினார். பாதிரியார் ஒரு சாவு வீட்டுக்காரரிடம் பேசி அடக்கத் தேதியைத் தள்ளிவைத்தார். இறந்தவரும் பனி ஹாக்கி ரசிகர்தான், ஆட்சேபிக்கவில்லை.

எல்லாரும் பனி அரங்கத்துக்குத்தான் போனார்கள். ஊரின் தலைவிதி அங்கே ஒரு மீனின் வயிற்றுக்குள் இருந்தது.

விஷயம் இதுதான். நாற்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் அணி லீக் பட்டியலில் முதலிடம். முதலிடக்காரனுக்கு ஒரு சலுகை உண்டு. நாக்-அவுட் முதல் சுற்றில் யாரோடு மோதுவது என்று கீழே இருக்கும் நாலு அணிகளில் இருந்து அவனே பொறுக்கிக்கொள்ளலாம். மூன்று மணிக்குள் லீக் ஆபீசுக்குப் போன் செய்து பெயரைச் சொல்ல வேண்டும். ஓர் அணிக்கு அடிதடிதான் ஆட்டம், இன்னொன்று வருஷம் முழுக்க எங்களைத் தோற்கடித்தது. மிச்சம் இரண்டு: லிண்டோசா, ஷார்நேஸ்.

லிண்டோசா ஐம்பது கிலோமீட்டர். அவர்களுடைய கோல்கீப்பருக்கு முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. ஆனால் பக்கத்து ஊர். தோற்றால் கோடை முழுக்க அவர்கள் கடையில்தான் பெயின்ட் வாங்க வேண்டும், அவர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே. ஷார்நேஸ் ஆயிரத்து நூறு கிலோமீட்டர் தெற்கே. அந்த நாலில் எல்லாருக்கும் கீழே. ஆனால் கடைசி ஏழு ஆட்டத்தில் ஆறு ஜெயித்திருக்கிறது. பத்து நாளாக இதே வாக்குவாதம். பேரிட் என்ற அம்மாள் லிண்டோசா கட்சி, அவர் புருஷன் தூரே ஷார்நேஸ் கட்சி. ஒரே வீட்டில் இரண்டு காபி பாத்திரம் வைத்தார்கள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஊர்க் குறிக்காரர் சிக்வார்ட் தூனெல் நடுவில் வந்தார்.

ஏரியில் பிடிக்கும் யெட்டா மீனை அறுத்து, அதன் மண்ணீரலைப் பார்த்துக் குளிர்காலத்தைச் சொல்வது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். தடித்த முனை தலைப்பக்கம் இருந்தால் முன்பனி கடுமை, வால்பக்கம் இருந்தால் பின்பனி கடுமை. எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிக்வார்ட் சிரிக்காமல் சொன்னார். அவருடைய முதலீடு அவ்வளவுதான்.

அக்டோபரில், "இந்தக் குளிர்காலம் குளிராக இருக்கும்" என்றார். ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் ஊரில் இது அப்படியே பலித்தது. ஜனவரியில், "நாளைய ஆட்டத்தில் ரத்தம் தெரிகிறது" என்றார். ஹாக்கி ஆட்டத்தில் ரத்தம் வந்தே விட்டது. அதற்குப் பிறகு அவரைத் தெருவில் பார்த்தால் ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள். குறி சொல்ல அவர் ஒரு குரோனாகூடக் காசு வாங்குவதில்லை. காசு வாங்காதவன் எதற்குப் பொய் சொல்லப்போகிறான் என்று ஊர் கேட்டது. கேள்வி நல்ல கேள்வி. பதில் தேடத்தான் யாரும் போகவில்லை.

சங்கத் தலைவர் ஃபோல்கே, மண்ணீரல் சொல்கிற அணியையே எடுப்போம் என்று அறிவித்துவிட்டார். அவர் கணக்கு சுலபம். பயிற்சியாளர் பேச்சைக் கேட்டுத் தோற்றால் தலைவரைத் திட்டுவார்கள். மீன் பேச்சைக் கேட்டுத் தோற்றால் மீனை யார் திட்டுவது?

இதில் கவலைப்பட்டவர் ஒருவர்தான், மாய்கென். வீரர்களின் முதுகையும் தொடையையும் பிசைந்து சரிசெய்கிற பெண்மணி. கோல்கீப்பர் எலோஃபின் முதுகு பதினொரு வருஷமாக அவர் கையில் இருக்கிறது. எலோஃபுக்கு முப்பத்தேழு வயது, இதுதான் கடைசி சீசன். பிப்ரவரியில் ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கியவனால் குனிய முடியவில்லை. ஸ்கேட் காலணிக் கயிற்றை மாய்கென்தான் கட்டிவிட்டார். ஷார்நேஸ் பதினாலு மணி நேரம். இங்கே ஓர் ஆட்டம், அங்கே ஓர் ஆட்டம் என்று நாலு வெற்றி கிடைக்கும்வரை போய்வர வேண்டும். இன்னொரு தடவை முதுகு பிடித்துக்கொண்டால் அதோடு சரி என்று டாக்டர் சொல்லியிருந்தார். எலோஃப் இதை மாய்கெனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. கோல்கீப்பர்கள் வலிக்கிறது என்று சொல்கிற ஜாதி இல்லை.

அரங்கத்துக் காபிக் கடையில் நானூறு பேர். சிக்வார்ட் கலைமான் தோல் தொப்பியோடு நின்றார். மேஜையின் தெற்குப் பக்கம் ஷார்நேஸ் கழுத்துத்துணி, வடக்குப் பக்கம் லிண்டோசா கழுத்துத்துணி, நடுவில் மீன். கத்தி இறங்கியது. மண்ணீரல் தட்டுக்கு வந்தபோது கூட்டம் மொத்தமாக எழுந்து நின்றது. தேசிய கீதத்துக்குக்கூட நாங்கள் இவ்வளவு வேகமாக எழுந்ததில்லை.

சிக்வார்ட் குனிந்தார், கண்ணை மூடினார், மூக்கால் மூச்சு விட்டார்.

"தடிச்ச முனை தெக்க காட்டுது. ஷார்நேஸ்."

தூரே பேரிட்டைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. கால் மணி நேரத்தில் ஷார்நேஸ் போகும் ரசிகர் பஸ்களில் பாதி இடம் விற்றுப்போனது. தூரே காசு கொடுத்து ஆறு இடம் பிடித்தார். ரசிகர்களின் மூன்று பஸ்ஸும் அணியின் பஸ்ஸும் சிக்வார்டுடையவை. லிண்டோசா என்றால் அவனவன் காரில் போய்விடுவான். இதெல்லாம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததை யாரும் யோசிப்பதில்லை.

மாய்கென் முன்னால் வந்தார்.

"சிக்வார்ட், ஒரு சந்தேகம். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தாலும் அது இதையேதான சொல்லும்?"

"மாத்தி மாத்திப் பேச மண்ணீரல் என்ன மனுஷனா?"

"அப்ப காபி குடிச்சிட்டு இன்னொரு தடவை பாத்துடு. மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

ஃபோல்கேவுக்கு எதையும் தள்ளிப்போடுவது பிடிக்கும். உடனே சரி என்றார். மாய்கென் அவர் கையில் முன்பே எழுதி ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்து, நான் சொல்லும்போது பிரி என்றார். தட்டுக்குக் காவலாக பேரிட்டும் தூரேயும் உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் நம்பாத காவல். அதைவிட நல்ல காவல் கிடையாது.

பிறகு மாய்கென் ஒரு லவங்கப்பட்டை பன்னோடு சிக்வார்டிடம் போய், காதோடு காதாக ஏதோ சொல்லிவிட்டு வந்தார். சிக்வார்ட் பன்னைப் பாதியில் வைத்துவிட்டார்.

இரண்டாம் தடவை குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"அடடா. கடைச் சூடு பட்டதும் இப்பதான் மனசு தெறக்குது. முதல்ல காட்டுனது மீனோட பயம். உள்ளுக்குள்ள இருக்கறது வேற. லிண்டோசா. சந்தேகமே இல்ல, லிண்டோசா."

"தட்டு அசையவே இல்லயே" என்றார் பேரிட்.

"ஆமா, அசையல" என்றார் தூரே. பத்து நாளில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

மாய்கென் தலையசைத்தார். ஃபோல்கே உறையைப் பிரித்துப் படித்தார், வழக்கம்போல எல்லாருக்கும் கேட்கும்படி:

"காபி நேரத்தில் சிக்வார்டிடம் ஒரு பொய் சொல்லப்போகிறேன். லிண்டோசா அரங்கின் கூரை பனிப் பாரத்தில் விரிசல் விட்டுவிட்டது, அவர்களுடைய ஆட்டமெல்லாம் மால்மோவுக்கு மாறுகிறது, வெளியே சொல்லாதே என்று. மால்மோ, ஷார்நேஸைவிட முந்நூறு கிலோமீட்டர் கூடுதல் தூரம். மண்ணீரல் லிண்டோசாவுக்குத் திரும்பும். மீனுக்குப் போய்ச்சேர எந்த ஊரும் இல்லை. பஸ்ஸுக்கு உண்டு."



சிக்வார்டின் முகம் மண்ணீரல் நிறத்துக்கு வந்தது. "இது அநியாயம். தப்பான தகவல் குடுத்தா மண்ணீரல் என்ன பண்ணும்?"

"மண்ணீரல்கிட்ட நான் எதுவும் சொல்லலியே. உன் காதுலதான சொன்னேன்."

முதல் சிரிப்பு பல் டாக்டருடையது. அப்புறம் நானூறு பேருடையது. அது அடங்குவதற்குள் தூரே எழுந்து, "யோவ், என் ஆறு சீட்டு" என்றார். குறி கேட்கக் கூடிய கூட்டம் காசைத் திருப்பிக் கேட்க வரிசையில் நின்றது.

ஃபோல்கே கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நாற்பது. மீனும் கைவிட்டுவிட்டது. "இப்ப யாரைத்தான் எடுக்கறது, மாய்கென்?"

"என்னைக் கேக்காத. பஸ்ல மடங்கி உக்காரப்போறவனைக் கேளு."

எலோஃப் கதவோரம் சாய்ந்து நின்றிருந்தான். அந்த வருஷம் அவன் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை.

"என் கட்டில்ல படுத்து எந்திரிச்சா நான் குனிவேன், ஃபோல்கே. பதினாலு மணி நேரம் பஸ்னா முடியாது. அவ்ளோதான்."

ஃபோல்கே போனை எடுத்தார். ஒரு மீனின் உதவி இல்லாமல் அவர் வாழ்க்கையில் எடுத்த முதல் முடிவு. "லிண்டோசா" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஆறாவது ஆட்டத்தில் நாலாவது வெற்றி கிடைத்தது, சுற்றை ஜெயித்தோம். கடைசி நிமிஷத்தில் தரையோடு வந்த ரப்பர் வட்டை எலோஃப் குனிந்து, பனியில் முகம் படக் குனிந்து தடுத்தான். எழுந்து வந்து அவன் முதலில் செய்தது, மாய்கென் இருந்த பக்கம் பார்த்து இன்னொரு தடவை குனிந்து காட்டியது.

மறுநாள் பெட்ரோல் பங்கில் சிக்வார்ட் நின்றிருந்தார், தொப்பியோடு. "லிண்டோசான்னு அன்னைக்கே சொன்னது யாரு?" என்று கேட்டார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். அதில் ஒருவர் தூரே.

எங்கள் அரங்கத்தில் ஹெல்மெட் இல்லாமல் யாரையும் பனியில் இறக்க மாட்டார்கள். தலை எவ்வளவு முக்கியம் என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஊர் இது. இத்தனை பத்திரமாகக் காப்பாற்றி வைத்த தலையை எப்போது உபயோகிப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அதையும் மீனிடம் கேட்டுவிடாதீர்கள்.