பேத்தமங்கலம் ஏரியில் நான் வைத்த பெல் முறை

கோரமண்டல்,
26 டிசம்பர் 1904, மாலை ஆறு மணி.

மகாராஜராஜஸ்ரீ கோவிந்தன் மாமா அவர்களுக்கு மைத்துனன் காத்தவராயன் எழுதிக்கொண்டது. நான் நலம், என் உடுப்புதான் இன்னும் ஈரம். அக்காளும் பிள்ளைகளும் காய்ந்த துணியோடு சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இன்று காலை ஏழேகால் மணிக்குப் படகேறியவர்கள் ஐந்து பேர். நனையாமல் இறங்கியவர்கள் நான்கு. நீங்கள் பேசி வைத்த சம்பந்தம் முறிந்தது, மாமா. பெண்ணின் தகப்பனார் தசரதன் மேஸ்திரி, மாப்பிள்ளையை ஒரு நாள் தன்னோடு வைத்துப் பார்த்துத்தான் பதில் என்றார் அல்லவா? கிறிஸ்துமஸுக்குத் தங்கச் சுரங்கம் லீவாயிற்றே, பனிக்காலத்துப் பறவைகள் பார்க்கலாம் என்று கூப்பிட்டது நான்தான். அவர், அவர் மனைவி பார்வதம்மா, பெண் ரத்தினம்மா, துடுப்புக்குச் சின்னசாமி. சிறகிகளும் கூழைக்கடாக்களும் நானூறுக்குக் குறையாது, நாணலோரம் மீன் கடித்தபடி இரண்டு நீர்நாய்கள். மேஸ்திரி சுரங்கத்துக் குரலில் "அதோ பாரு" என்றதும் பாதி பறந்தன. மதராஸில் மின்சாரம் படித்தவன் சும்மா இருப்பேனா? யாரும் வாய் திறக்க வேண்டாம், சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கேஜுக் கூண்டுக்குப் பெல் அடிப்பதுபோல் படகுப் பலகையில் தட்டினால் போதும் என்றேன். ஒன்று நில், இரண்டு பின்னால், மூன்று முன்னால். சின்னசாமி பத்து வருஷம் சுரங்கக் குழியின் வாயருகே பெல் வேலை பார்த்தவன், உடனே பிடித்துக்கொண்டான். கால்மணி நேரம் அற்புதம். கூழைக்கடாவின் தாடைப் பைக்குள் மீன் துள்ளுவதுவரை தெரிந்தது. ரத்தினம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது பார்வதம்மா இரும்பு உரலைப் பலகைமேல் வைத்து வெற்றிலை பாக்கு இடிக்க ஆரம்பித்தார்கள். டொக் டொக் டொக், படகு முன்னால். டொக், நின்றது. டொக் டொக், பின்னால். நீர்நாய்கள் மீனை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தன. நிறுத்தடா என்று சின்னசாமியிடம் சொன்னேன்.

"வாயால சொன்னா கேக்கக்கூடாது சார். பெல்லுதான். அதான் ரூல்சு," என்றான்.

அவன் சொல்வதும் நியாயம், சுரங்கத்தில் வாய்ச்சொல்லைக் கேட்டால் ஆள் சாவான். இடிக்க வேண்டாமென்று பார்வதம்மாவிடம் கெஞ்சினேன், அந்தம்மாளோ காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. உரலைப் பிடுங்கினேன். அது பலகையில் மூன்று தரம் மோதியது. படகு முன்னால் போயிற்று, நான் உரலோடு பின்னால் போனேன். தண்ணீர் இடுப்பளவுதான், உரல் மட்டும் சேற்றுக்குள். மிச்சப் பறவையெல்லாம் ஒருசேர எழும்பி வானமே மறைந்தது, சேற்றில் நின்று பார்க்க வேண்டிய காட்சி. பல்லில்லாத எனக்கு அதுதான் பல்லு என்று பார்வதம்மா அழுதார்கள். ரத்தினம்மா முந்தானையால் வாயைப் பொத்திக் குலுங்கினாள். மேஸ்திரி கரை சேர்ந்ததும் என்னைத் திரும்பிப் பாராமல் நடந்தார். ஆகவே வேறு இடம் பாருங்கள், ஏரி இல்லாத ஊராக.

அக்காளுக்கு நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி.

காத்தவராயன்

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் ரத்து. உறையை ஒட்டுமுன் மேஸ்திரியே வந்துவிட்டார். "நைட் ஷிப்டு முடிஞ்சி வந்து இருபது வருசமா நான் தூங்கினதில்லப்பா, அந்த டொக்கு டொக்கால. அந்த உரல தூக்கிப் போட எனக்குத் தைரியம் வரல. உன்ன மாதிரி மாப்ள எங்க கெடைப்பான்?" என்றார். பெண் என்ன சொல்கிறது என்றேன். "அது இன்னும் சிரிச்சிகினே கீது."

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலையே போய் நாள் குறிக்கச் சொல்வது.

2. கல்யாண ஊர்வலத்தில் மேளம் அடிப்பார்களாகையால், சின்னசாமியை வண்டி ஓட்ட விடாமல் இருப்பது.

3. மாமியாருக்குப் புது உரல் வாங்கித் தருவது, மாமனார் ஷிப்டுக்குப் போயிருக்கும்போது.