எல்லம்மாவை வழிமறித்த மோதல்கள்

"நாவலில் மோதலே இல்லை. முதல் அத்தியாயத்தைத் திருத்தி வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்த்தால், போட்டிக்கு எடுத்துக்கொள்வோம்" என்று பத்திரிகையிலிருந்து எழுதியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமையும் விடிந்துவிட்டது. நாவலை எழுதிய ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா ரெமிஜியஸுக்கோ கண் ஆபரேஷன் ஆகி, பச்சைத் துணி கட்டியிருந்தது. எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது. பெங்களூர் லிங்கராஜபுரத்திலேயே வேகமான டைப்பிஸ்ட் மௌரீனைக் காலை ஆறரைக்கே வரவழைத்துவிட்டார்.

"என் கண்ணுலதான் பச்சைத் துணி கட்டியிருக்கு, காதுல இல்ல! நான் வாயைத் திறந்தா உன் விரல் ஓடணும். இந்த ரூம்ல விழுற ஒரு வார்த்தையும் விடக்கூடாது!"

"சரிங்க சார். எட்டு மணிக்கு நான் பீன்யா பஸ் பிடிக்கணும், ஆபீஸ் இருக்கு."

கதாநாயகி எல்லம்மா, 1921-ல் கண்டோன்மெண்ட் பக்கம் பஞ்சாலைக்குப் போகும் பெண்.

"மனிதரோடு மோதல்! மீசையை முறுக்கிக்கிட்டு மேஸ்திரி வழிமறிக்கிறான்."

"சங்கு ஊதற நேரத்துல மேஸ்திரி மில்லுக்குள்ள இல்ல சார் இருப்பான்?"

"அப்போ இயற்கையோடு மோதல். ஆத்துல வெள்ளம்!"

"பெங்களூர்ல ஏது சார் ஆறு?"

"ஏரியை உடைச்சு விடு! மூணு தென்னை உயரத்துக்குத் தண்ணி. அதுல ஒரு சிறுத்தை நீந்தி வருது!"

"லேட்டானா கேட்டை மூடிடுவாங்க. சிறுத்தையைக் குடையால சாத்திட்டுப் போயிட்டே இருப்பா. விடுங்க அவளை."

"சமூகத்தோடு மோதல்! ஊரே திரண்டு வந்து, பொம்பளைக்கு எதுக்கு வேலைன்னு கேக்குது."

"அந்த ஊருக்கும் ஆறு மணி ஷிப்ட்தான் சார்."

"சரி, மனசோடு மோதல்! மரத்தடியில உட்கார்ந்து, போகலாமா வேணாமான்னு நாலு பக்கம் யோசிக்கிறா."

"உட்கார நேரமிருந்தா அவ ஏன் சார் வேலைக்குப் போறா? பாருங்க, என் பஸ்ஸும் போச்சு!"

வாய் பேசும்போதும் மௌரீனின் விரல்கள் நிற்கவில்லை. பதினெட்டுப் பக்கங்களையும் கவரில் போட்டு ஒட்டி, தபாலில் சேர்த்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாள்.

இரண்டு மாதம் கழித்து மனைவி டோரீன் கடிதத்தைப் பிரித்தாள். "ஏங்க, முதல் பரிசு!"

ரெமிஜியஸ் குதித்த குதியில் பக்கத்துத் தெருவில் பாத்திரங்கள் உருண்டன. "படி, படி!"

"'எல்லம்மாவின் ஒவ்வொரு பதிலும் சாட்டையடி. வேலைக்குக் கிளம்பும் பெண்ணைப் போகவிடாமல் தொல்லை பண்ணும் அந்தக் கிறுக்குக் கிழவர் இருக்கிறாரே, அபாரம்! தமிழ் இதுவரை காணாத மோதல்!'"

"கிழவரா? என் நாவல்ல கிழவரே கிடையாதே!"

டோரீன் கார்பன் பிரதியை எடுத்துப் புரட்டினாள்.

"இருக்காருங்க. பக்கத்துக்குப் பக்கம் இருக்காரு. கண்ணுல பச்சைத் துணி கட்டியிருக்காரு."