எங்கள் வீட்டு இரண்டு ஓட்டுகள்

இந்தத் தேர்தலில் என் ஓட்டு வீணாகாது என்று சபதம் எடுத்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து அது வீணாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு கட்சி. என் மனைவி அதற்கு நேர் எதிர்க்கட்சி. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒன்றாகவே கிளம்புவோம். ஒரே வரிசையில் நிற்போம். என் ஓட்டை அவள் ஓட்டு அடித்துவிடும். ஒன்றாகவே திரும்பி வருவோம். இருவரும் வீட்டிலேயே தூங்கியிருந்தாலும் நாடு இப்படியேதான் இருந்திருக்கும்.

சாமி விஷயமும் அதே கதைதான். அவள் விடிவதற்குள் எழுந்து கும்பிடுவாள். எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அவள் கண்ணை மூடினால் நான் ரேடியோவை மூடிவிடுவேன். என் தலைவர் டிவியில் பேசினால் அவள் மறுத்துப் பேச மாட்டாள். அடுப்படிக்குப் போய்விடுவாள். பாத்திரங்கள் பேசும்.

"எனக்காகவெல்லாம் வேண்டிக்காதே" என்பேன்.

"உங்களுக்கு யாரு வேண்டினா? உங்களைக் கட்டிக்கிட்ட எனக்கு வேண்டிக்கிறேன்."

இப்போது அவள் படுக்கையில் கிடக்கிறாள். இனி மருந்து வலிக்கு மட்டும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலும் கீழும் அனுப்பிவைப்பவன். குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. அவள் படியிறங்கி மாதக்கணக்கில் ஆகிறது.

அதனால்தான் அந்தச் சபதம். எதிர் ஓட்டு விழாத முதல் தேர்தல். அப்படி நினைத்தது எனக்கே கேவலமாக இருந்தது. ஆனால் அந்த நாட்களில் வேறு எதை நினைத்தாலும் பயமாக இருந்தது.

தேர்தல் நாள் காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றேன்.

"என்னங்க, மாப்பிள்ளை மாதிரி எங்க கிளம்பிட்டீங்க?"

"ஓட்டுப் போட."

"போயிட்டு வாங்க. நான் சுவரைப் பாத்துக்கிட்டுக் கிடக்கிறேன்."

"நாற்காலியில உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போகட்டுமா? கீழ்வீட்டுத் தம்பியும் ஒரு கை பிடிப்பாரு."

"அப்புறம் உங்க முதுகுக்கும் நான்தான் வேண்டிக்கணும். நீங்க போங்க. உங்க ஆளே ஜெயிக்கட்டும்."

உங்க ஆளே ஜெயிக்கட்டும். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை.

எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச்சாவடி. வரிசையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கிசுகிசுப்பாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றேன். என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அவள் நோயோடு கூட்டணி வைத்தா நான் ஜெயிக்க வேண்டும்? திரும்பிவிட்டேன்.

"அதுக்குள்ளயா போட்டுட்டீங்க?"

"போடல. நீ வராம நான் மட்டும் போட்டா அது அழுகுணி ஆட்டம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சாமி இல்லைங்கிற ஆளு, யார் மேல சத்தியம் பண்றீங்க?"

"உன் மேலதான்."

அவள் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே வரிசை கரைவதைப் பார்த்துக்கொண்டு பகல் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தோம். கட்சியில்லாத ஒரு பகல்.

சாயங்காலம் கேட்டாள். "சாவடியை மூடிட்டாங்களா?"

"மூடிட்டாங்க."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பூட்டே போட்டாச்சு."

"அப்பச் சரி, தலையணையை ஏத்தி வைங்க, சொல்றேன். படுத்த படுக்கையா இருக்கிறவங்ககிட்ட அவங்களே வீடு தேடி வந்து ஓட்டு வாங்கிக்கிறாங்க. போன வாரம் நீங்க வேலைக்குப் போனதும் வந்தாங்க. நான் போட்டுட்டேன். எதிர்வீட்டு அக்காதான் ஏற்பாடு பண்ணினாங்க."

"அவங்க எங்க கட்சியாச்சே!"

"அதனால என்ன? உங்களை மாதிரியே அவங்களும் நல்லவங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். இருமலுக்கு நடுவிலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! கோபத்தை வரவழைக்கப் பார்த்தேன். வரவில்லை.

"இப்படி ஏமாத்தலாமா? உன் சாமிக்கே அடுக்குமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த தேர்தல்ல உங்க ஓட்டை அடிக்க ஆளிருக்காது. இந்த ஒரு தடவை நான் ஜெயிச்சிட்டுப் போறேங்க."