நை என்றால் எவ்வளவு பக்கம்?

மாமியாரைத் தன் தெருவுக்குள்ளேயே விடுவதில்லை என்று தானியேல் தீர்மானம் செய்துவிட்டார்.

உத்திரமேரூரில் பத்திரம் எழுதுகிறவரிடம் அவர் குமாஸ்தா. மாமியார் செங்கேணி காவாந்தண்டலத்தில் தனியாக இருந்தாள். ஒரு சேதியை அந்த அம்மாள் சொல்லி முடிப்பதற்குள் சோறு வெந்து, வடித்து, ஆறியும் போய்விடும். மனைவி ஜெயமணியோ, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரித்தாள். தொல்லை தாங்காமல், பக்கத்திலேயே வந்து இருக்கட்டும் என்று தானியேல் வாயளவில் சொல்லிவைத்தார். அவள் விடவில்லை.

"வாயால சொன்னா மறந்துடுவீங்க. எழுதிக் குடுங்க."

தானியேலுக்கு ஒரு யோசனை உதித்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரத்தில் பார்த்த வார்த்தை ஒன்று இருந்தது. இங்கிலீஷில் எழுதினார்: மாமியார் எங்களுக்கு 'நை'யாக (nigh) குடியிருக்கலாம். கீழே கையெழுத்து.

"நையா? நைநைன்னு பேசிக்கினே கீறதா?"

"பழைய இங்கிலீஷ், ஜெயமணி. பக்கம்னு அர்த்தம்."

"எவ்ளோ பக்கம்?"

"அதெல்லாம் அந்த வார்த்தை சொல்லாது. காவாந்தண்டலம்கூட நைதான்."

ஜெயமணி காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுநாள் நேராக ஏசுதாஸ் வாத்தியார் வீட்டுக்குப் போனாள். அவரிடம் தலையணை கனத்துக்கு ஓர் அகராதி உண்டு.

சாயங்காலம் தானியேல் வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, ஜெயமணி ஆரம்பித்தாள்.

"நெய்பர்னா இன்னாங்க?"

"பக்கத்து வூட்டுக்காரன்."

"அதுல மொதப் பாதி உங்க நைதானாம். மீதிப் பாதி, குடியிருக்கிறவங்களாம். நைல குடியிருக்கலாம்னு எழுதிக் குடுத்துக்கீறீங்க. பக்கத்து வூடு காலியாத்தான் கீது."

தானியேலுக்குத் தலை சுற்றியது. நெய்பருக்குள் நெய் இருக்கிறது என்றால்கூட ஒப்புக்கொள்ளலாம். நை எப்படி நுழைந்தது? பழைய வார்த்தையைத் தொட்டதுதான் தப்பு என்று பட்டது.

"அந்த வார்த்தையே பேஜார். குடு, அடிச்சிட்டு நியர்னு போடறேன்."

நியர் என்றால் பயமில்லை. சந்தைக்கு நியர், ஏரிக்கு நியர் என்று மைல் கணக்கில் இழுக்கலாம்.

"உங்க இஷ்டம்," என்று ஜெயமணி தானே மைக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அப்போதாவது அவர் யோசித்திருக்க வேண்டும். நையை அடித்தார், நியர் போட்டார், மறுபடியும் கையெழுத்திட்டார்.

மை காயும்வரை அவள் ஊதினாள்.

"நைக்கு மேல ஒரு படிதான் நியராம். அந்தக் காலத்துல 'இன்னும் பக்கம்'னு அர்த்தமாம். பக்கத்து வூட்டைவிட இன்னும் பக்கம்னா, நம்ப வூடுதானுங்களே?"

ஞாயிற்றுக்கிழமை செங்கேணி டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். தானியேல் மனைவியை அடுக்களைக்குள் அழைத்தார்.

"அந்தக் காகிதத்தைக் குடு. வேற நல்ல வார்த்தையா போடறேன்."

"நெக்ஸ்ட்னு ஒண்ணு கீதாம். அதுதான் கடைசிப் படியாம். ரொம்ப ரொம்பப் பக்கம். போடறீங்களா?"

தானியேல் பேனாவை மூடினார். மாமியாருக்குத் தன் கட்டிலைத் தட்டிப் போடப் போனார்.