டேனியலை ஃபார்வர்டில் நிறுத்திய கதை

நிற பேதத்தை ஒழித்தே தீருவது என்கிற யோசனை எனக்குச் சிவாஜிநகர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. மூச்சுவிட இடமில்லாத கூட்டம். ஆனால் ஜன்னலோரம் இருந்த ஓர் ஆப்பிரிக்க மாணவருக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலி. மனிதர்கள் இப்படியா என்று பொங்கினேன். இரண்டு நிறுத்தம் பொங்கிய பிறகுதான், நானும் நின்றுகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

உடனே போய் உட்கார்ந்தேன். (எனக்கு எல்லாமே உடனே.) பெயர் டேனியல், தான்சானியாக்காரர், பார்மசி படிக்கிறார், வாடகைக்கு வீடு தேடுகிறார். போனில் வரச்சொல்கிற வீட்டுக்காரர்கள் ஆளைப் பார்த்ததும் இப்பத்தான் கொடுத்துவிட்டோம் என்கிறார்களாம். பரீட்சை நெருங்குகிறது, நண்பன் அறையில் தரையில் படுத்துப் படிக்கிறார். ஜீவனஹள்ளியில் எங்கள் மாடி போர்ஷன் காலியாகத்தான் கிடந்தது.

அப்பா தயங்கினார். டேனியலை உட்காரவைத்து என்ன சமைப்பார், எத்தனை மணிக்குத் தூங்குவார் என்றெல்லாம் விசாரித்தார். எனக்கு மானமே போயிற்று. அன்றிரவு சாப்பாட்டில், நமக்கே தெரியாமல் நமக்குள் உட்கார்ந்திருக்கும் பாரபட்சங்களைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினேன். ரசம் ஆறிப்போவதைத் தாங்காமல் அப்பா சம்மதித்தார்.

"அண்ணனுக்குப் பாரபட்சமே கிடையாதுப்பா. எல்லார் உசுரையும் சமமாத்தான் வாங்குவான்" என்றாள் தங்கை சுமதி.

டேனியல் குடிவந்தார். மாடியில் ஆள் இருப்பதே தெரியவில்லை. அப்போதுதான் அடுகோடி ஏரியாப் பையன்களுடன் எங்கள் தெருவுக்குக் கால்பந்து மேட்ச் வந்தது. வருஷா வருஷம் அவர்களிடம் தோற்பது எங்கள் வழக்கம். நான் டேனியலின் உயரத்தைப் பார்த்தேன். கால்களைப் பார்த்தேன். தெருவெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக அவரிடமும் சொன்னேன்.

தனக்கு ஆடத் தெரியாது என்றார். எங்கள் வீட்டில் வேண்டாம் என்பவர் இலையில்தான் இன்னொரு கரண்டி விழும். மூன்றாம் தடவை மறுத்தால்தான் நம்புவோம். அவர் மூன்றாம் தடவையும் மறுத்தார். தான்சானியாவில் ஐந்து தடவை மறுப்பார்கள்போல என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் தலையசைத்தார். என்ன ஓர் அடக்கம் என்று வியந்தேன்.

கோல் போடுகிற ஃபார்வர்டு இடத்தில் நான் நிறுத்திய டேனியலைப் பார்த்ததுமே அடுகோடிக்காரர்கள் மூன்று பேரை அவருக்கென்று காவல் போட்டார்கள். முதல் பந்தை அவர் கையால் பிடித்தார். தப்பு என்று புரிந்ததும் மன்னிப்புக் கேட்டு எதிரணிக்காரனிடமே மரியாதையாகக் கொடுத்தார். அடுத்த பந்து அவர் கண்ணாடியைத் தட்டிவிட்டது. திசை தெரியாமல் எங்கள் பக்கமே ஓடிவந்தவரின் முழங்காலில் பட்டு இன்னொரு பந்து எங்கள் கோலுக்குள் போனது.

"ஏன் குரு, இவரு நெஜமாவே ஆப்பிரிக்காவா?" என்று என்னைக் கேட்டான் அடுகோடி கேப்டன். மைதானமே சிரித்தது. டேனியல் மண்ணில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கீழே வந்து அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டார். வீட்டைக் காலிசெய்ய வேண்டுமா என்று.

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது, அதனால் சுவரைப் பார்த்தேன். வீட்டுக்காரர் மகன் கேட்கும்போது எப்படி மாட்டேன் என்பது, தனக்கு வீடு வேண்டுமே என்றுதான் அந்த மனிதர் மைதானத்தில் இறங்கியிருக்கிறார்.

"மேட்ச் தோத்ததுக்குக் காலி பண்ணனும்னா இந்தத் தெருவுலயே ஒருத்தன் இருக்க முடியாது. நீங்க போய்ப் படிங்க சார்" என்றார் அப்பா.

மன்னிப்புக் கேட்க மாடி வரை பின்னாலேயே போனேன். நான் உங்களை உயர்வாகத்தானே நினைத்தேன் என்று வேறு உளறினேன். டேனியல் கதவருகே நின்று நிதானமாகச் சொன்னார்: "உன் அப்பா என்னைப் பற்றி எவ்வளவோ கேட்டார். நீ ஒன்றுமே கேட்கவில்லை."

அன்றுதான் கேட்டேன். அவருக்குப் பிடித்தது மீன் குழம்பும் சதுரங்கமும். ஓடுவது என்றாலே ஆகாதாம். படிப்பு முடியும்வரை எங்களோடுதான் இருந்தார். இப்போதும் போன் செய்தால், டீமில் இடம் இருக்கிறதா என்று என்னிடம் விசாரித்துவிட்டுத்தான் அப்பாவிடம் பேசுவார். வீட்டில் யாராவது யாருக்காகவாவது தானாக ஒன்றை முடிவு செய்தால், "ஃபார்வர்டுல நிறுத்திட்டான் பாரு" என்பாள் சுமதி. சொந்தக்காரர்கள் வரைக்கும் பரவிவிட்டது.

வருகிற ஞாயிறு மாடிக்கு மிசோரமிலிருந்து இரண்டு பெண்கள் குடிவருகிறார்கள். மிசோரம்காரர்கள் பாடாமலா இருப்பார்கள் என்று, தெரு விழாவில் அவர்கள் பாடுவதற்காக நண்பனிடம் கிட்டார் ஒன்று சொல்லிவைத்திருந்தேன். (ஆமாம், திரும்பவும்.) நேற்று அவனுக்கு போன் செய்து ரத்து செய்துவிட்டேன். இந்த முறை முதலில் அவர்களிடம் கேட்கப்போகிறேன். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதைத்தான் சனிக்கிழமை சுமதியை வைத்துப் பழகிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.