தூங்குமூஞ்சி டிஸ்க்

"அடுத்ததாக நேயர்கள் விரும்பிக் கேட்ட பாடல்..." என்று மைக்கில் சொல்லிவிட்டு வில்மர் பொத்தானைத் தட்டினான். பாடல் வரவில்லை. பாட்டெல்லாம் சேர்த்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் மறுபடியும் தூங்கிப் போயிருந்தது.

பொலிவிய மலைமேல் சூரியப் பலகையை நம்பி ஓடும் கிராம வானொலி அது. பாட்டரி எப்போதும் இழுத்துக்கொண்டே கிடக்கும். அதனால் நிலைய இயக்குநர் ஃபோர்த்துனாத்தோ, சற்று நேரம் வேலையில்லை என்றாலே டிஸ்க் சுழலாமல் நின்றுவிடும்படி செய்து வைத்திருந்தார். ஒரு பாட்டு முடிவதற்குள் அது குறட்டை விடாத குறை. எழுப்பினால் முனகி, சோம்பல் முறித்துத்தான் எழும். அதுவரை வானொலி கப்சிப்.

"தம்பி, இன்னொரு தடவை ரேடியோ ஊமையாச்சுன்னா ஊர்க் கூட்டத்துல உன்னைத் தூக்கிடுவாங்க" என்றார் இயக்குநர்.

"அப்போ அந்தச் சனியனை முழிச்சிருக்க விடுங்கண்ணே!"

"பாட்டரி என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா? அது எழுந்திருக்கற வரைக்கும் எதையாவது பேசு."

பேசு என்றாலே வில்மருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என்ன செய்வது, வேலை போய்விடுமே! வாய்க்கு வந்ததை உளறினான். "இன்று பெனிதா அக்காவுக்குப் பிறந்தநாள்" என்றான். சாயங்காலம் ஊரே அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்து நின்றது.

"என் வீட்டுப் பானைக்கு ஊரைக் கூட்டறதுக்கு நீ யாருடா?" என்று அவள் அகப்பையோடு நிலையத்துக்கே வந்துவிட்டாள்.

மறுநாள், "மேயரோட லாமா ஒண்ணைக் காணோமாம்" என்று அடித்துவிட்டான். மேயர் பதறிப்போய்ப் பட்டியில் நின்ற அந்தக் குட்டை ஒட்டகங்களை எண்ணிப் பார்த்தால், கண்றாவி, நிஜமாகவே ஒன்று குறைந்தது.

"உனக்கு எப்படிடா முன்கூட்டியே தெரியும்?" என்று போலீஸ்காரர் அவனைக் குடைந்தெடுத்தார்.

வெறுத்துப்போன வில்மர், டிஸ்க் தூங்கவே கூடாது என்று மாற்றி வைத்தான். அன்று மாலை பாட்டரி சுத்தமாகத் தீர்ந்து நிலையமே இருண்டது. உடனே ஊர்க் கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

நல்லவேளை, எல் ஆல்ட்டோ நகரத்திலிருந்து அவன் மச்சான் புது மாதிரி டிஸ்க் ஒன்றோடு வந்து சேர்ந்தான். "இதுல சுத்தறதுக்கே ஒண்ணும் கிடையாது மாமா. தட்டினா பாட்டு! கரண்டும் கொஞ்சம்தான் குடிக்கும்."

அப்பாடா! கூட்டத்து நாள் வரைக்கும் வில்மர் வாயே திறக்கவில்லை. பாட்டுக்குப் பின்னால் பாட்டு, பாட்டரியும் நிறைந்தே இருந்தது. இயக்குநரே அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கூட்டத்தில், "வில்மர் வேண்டாம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார் மேயர். அத்தனை கையும் உயர்ந்தது. பெனிதா இரண்டு கையையும் தூக்கினாள்.

"அநியாயம்!" என்று வில்மர் கத்தினான். "ஒரு நொடி ரேடியோ ஊமையாச்சா? மூச்சு விடாம பாட்டுப் போட்டேனே! இன்னும் என்னதான்யா வேணும் உங்களுக்கு?"

பின்வரிசையில் மடியில் ரேடியோவோடு உட்கார்ந்திருந்த லாமா மேய்க்கும் சத்தூர்னினா சொன்னாள்: "நாங்க ரேடியோ வைக்கறதே நடுவுல நீ உளறுறதைக் கேக்கத்தான் தம்பி, பாட்டு வந்தா பாட்டரி வீணாகுதேன்னு அணைச்சிடுவோம்."