கோச் அர்கமை நிறுத்திய கடிதங்கள்

ஒரு மனிதரை வேலையிலிருந்து நிறுத்துவதற்காகச் சண்முகநாதன் ஐந்தாவது தாளை எடுத்தபோது, மனைவி சுதர்சினி பின்னால் வந்து நின்று நாலாவது தாளை வாசித்தாள்.

"இது ஆள நிறுத்துற கடிதமா, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டாள்.

சண்முகநாதன் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். கடிதம் எழுதுவது எப்படி என்று இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். அந்த ஒரு தகுதியை வைத்துத்தான் வெண்தாரகை உதைபந்தாட்டக் கழகத்துக்கு அவரைச் செயலாளராகப் போட்டிருந்தார்கள். பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது உருண்டை என்பது மட்டும்தான்.

கழகத்தின் தலைவர் ராஜலிங்கம் டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தார். சனி ஞாயிறுகளில் வெளிநாட்டுப் போட்டிகளை டீவியில் விடாமல் பார்ப்பார். அதிலிருந்து அவர் கற்றுக்கொண்டது ஆட்டத்தையல்ல, கோச் மாற்றுவதை. அங்கே பெரிய கழகங்கள் நாலு மெட்ச் தோற்றதும் தங்கள் கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இன்னொரு கழகம் வீட்டுக்கு அனுப்பிய கோச்சைக் கூட்டிவந்து மாலை போடுகின்றன. வெண்தாரகையும் நாலு வருடத்தில் நாலு கோச்சைப் பார்த்துவிட்டது. ஐந்தாவதாக வந்தவர் அலவத்துகொடயைச் சேர்ந்த அர்கம். அவர் வந்தபின் ஆடியது ஆறு மெட்ச். ஆறிலும் தோல்வி.

முன்பெல்லாம் ராஜலிங்கமே போனில் சொல்லி முடித்துவிடுவார். ஆனால் நாலாவது கோச் நேரே கடைக்கு வந்து, பெயின்ட் வாளிகளுக்கு நடுவில் நின்று, வாடிக்கையாளர்கள் முன்னால் அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார். அதிலிருந்து இனி எல்லாம் எழுத்தில்தான், செயலாளர்தான் எழுத வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

சண்முகநாதன் யாரையும் கடிந்து பேசிப் பழக்கமில்லாதவர். ஆறாவது தாளில்தான் மனம் நிறைந்தது. 'தங்கள் ஈடிணையற்ற சேவையால் கழகம் பெற்ற நன்மைகளை எண்ணி மகிழும் இவ்வேளையில், தங்களை இனியும் சிரமப்படுத்த மனம் ஒப்பாது, தங்களுக்கு ஓய்வளிப்பதென நிர்வாக சபை ஏகமனதாகத் தீர்மானித்துள்ளது' என்று எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினார். திரும்பி வரும்போது, தொல்லையில்லாமல் ஒரு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அர்கம் போன் எடுத்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

கடிதம் கிடைத்ததாம். சொன்னபடியே ஒரு கிழமை ஓய்வு எடுத்தாராம். முழங்கால் வலி நன்றாகக் குறைந்துவிட்டதாம். நாளை மறுநாள் பயிற்சிக்கு வருகிறாராம்.

சண்முகநாதன் போனைக் கையில் வைத்துக்கொண்டே கடிதத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தார். 'ஓய்வளிப்பதென' என்றுதான் இருந்தது. எத்தனை நாள் என்று எங்கேயும் போடவில்லை. பிழை தன்னுடையதுதான் என்று தோன்றியது.

போனில் சொல்லத் துணிவு வரவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போய் பஸ் ஏறி அலவத்துகொடயில் இறங்கினார். நேரில் இரண்டே வார்த்தை, சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்பது திட்டம்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் எதிர்ச் சுவரில் அவருடைய கடிதம் தொங்கியது. கண்ணாடி போட்டு, தங்கநிறச் சட்டம் அடித்து, கடிகாரத்துக்குப் பக்கத்தில்.

அர்கமுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மனைவி இறந்து நாலு வருடம். பேராதனையில் படிக்கும் மகள் ஷஹ்மாவும் அவரும் மட்டும்தான் வீட்டில். அந்தப் பெண் தேத்தண்ணியும் வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"நாலு கழகம் சேர்," என்றார் அர்கம். "நாலு எடத்திலயும் வெளிய போட்டாங்க. கடைசியா பல்லேகலயில போன்ல ஒரு மெசேஜ். நாளையிலிருந்து வர வேணாம் எண்டு. ஆறு மாசம் நான் வாசலுக்கு வரல்ல. ஒங்கட கழகம்தான் எனக்கு முதல்முதலா மரியாதையா ஒரு கடிதம் போட்டது."

சண்முகநாதன் வட்டிலப்பத்தை முழுதும் சாப்பிட்டார். சொல்ல வந்த இரண்டு வார்த்தையையும் அதோடு சேர்த்து விழுங்கிவிட்டு, பஸ் ஏறினார்.

இதற்குள் ராஜலிங்கம் புதுக் கோச்சை எடுத்துவிட்டார். அம்பிகைபாகன், யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்த விளையாட்டு உத்தியோகத்தர். பழையவருக்கு எல்லாம் அறிவித்தாயிற்றா என்று தலைவர் கேட்டபோது, கடிதம் போட்டாயிற்று என்று சண்முகநாதன் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை.

இரண்டாவது கடிதத்தை அவர் அலங்காரம் இல்லாமல் எழுதினார். 'திரு. அம்பிகைபாகன் அவர்கள் எதிர்வரும் திங்கட்கிழமை முதல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்கவுள்ளார். தங்கள் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறோம்.' சுதர்சினி வாசித்துப் பார்த்து, இது ஒருமாதிரி விளங்கும் என்றாள்.

திங்கட்கிழமை பின்னேரம் மைதானத்துக்குப் போனபோது, அர்கம் விசிலோடு நடுவில் நின்றார். பக்கத்தில் அம்பிகைபாகன், கையில் நாலு செம்மஞ்சள் கூம்புகளோடு.

அர்கம் ஓடிவந்து சண்முகநாதனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தனக்கு உதவியாக இப்படிப் படித்த ஒரு ஆளை அனுப்புவீர்கள் என்று தான் கனவிலும் நினைக்கவில்லை என்றார். ஒத்துழைக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம், தம்பியைச் சொந்தத் தம்பி மாதிரி வைத்துக்கொள்வேன் என்றார்.

அம்பிகைபாகன் கூம்புகளைக் கீழே வைத்துவிட்டு, செயலாளரை மரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"மாஸ்டர், நான் இஞ்ச ஆருக்குக் கீழ எண்டதை முதல்ல சொல்லுங்கோ."

சண்முகநாதன் தடுமாறினார். பொறுப்புக் கையளிப்பதற்குக் கொஞ்ச நாள் எடுக்கும், அதுவரை பழையவருடைய மனம் நோகாமல் நடந்துகொண்டால் பெரிய உதவி என்று கேட்டுக்கொண்டார். அம்பிகைபாகன் நல்ல மனிதர். அர்கம் வீட்டிலிருந்து தனக்கும் ஒரு பார்சல் சோறு கொண்டுவந்திருப்பதையும் அவர் பார்த்திருந்தார். "ஓம், ரெண்டு கிழமை பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு மறுபடி கூம்புகளை எடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெட்ச்சுக்கு ராஜலிங்கம் வந்தார். மைதான ஓரத்து வாங்குப் பலகையில் இரண்டு கோச் உட்கார்ந்திருப்பதைக் கண்டு செயலாளரைப் பார்த்தார். இப்போது வெளிநாட்டிலும் இப்படித்தான், கையளிப்புக் காலம் என்று ஒன்று வைக்கிறார்கள் என்று சண்முகநாதன் வாய்க்கு வந்ததைச் சொன்னார். ராஜலிங்கம் அதை மறுக்கவில்லை. டீவியில் தான் அதைக் கவனிக்காமல் விட்டதுபோல் காட்டிக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை.

மெட்ச் வழக்கம்போல் தோல்வி. அது ஏழாவது.

அன்றிரவு சண்முகநாதனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தோல்விக்காக அல்ல. இருபத்திரண்டு வருடமாகத் தெளிவாக எழுதுங்கள், தெளிவாக எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, ஒரு மனிதரை வேலையிலிருந்து நிறுத்துகிற அளவுக்குக்கூடத் தன் தமிழ் தெளிவாக இல்லையே என்பதுதான் அவருடைய கவலை. அந்தக் கிழமை ஒன்பதாம் வகுப்பில் உத்தியோகக் கடிதம் பாடம் வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த பாடத்தை நடத்தினார்.

"மூணாவது கடிதம் ஒரே வரியில எழுதுங்க," என்றாள் சுதர்சினி. "பெயரெச்சம் வினையெச்சம் ஒண்ணும் வேணாம்."

ஒரே வரியில் எழுதினார். 'தங்கள் பணி இம்மாதம் முப்பதாம் திகதியுடன் முடிவடைகிறது.' இப்படி ஒரு முரட்டு வசனத்தை அவர் வாழ்நாளில் எழுதியதில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்தபின் பயிற்சிக்குப் போனபோது அர்கமின் முகத்தில் சிரிப்பு இல்லை. சண்முகநாதனுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் பாவமாக இருந்தது. கடைசியில் விளங்கிவிட்டது என்று எண்ணினார்.

"நியாயம்தான் சேர்," என்றார் அர்கம். "ஏழு தோத்தா எந்தக் கழகமும் பொறுமையா ஈக்காது. நீங்க முப்பதாம் திகதி வரைக்கும் கெடு தந்தீக்கிறீங்க. மூணு மெட்ச் ஈக்குது. மூணையும் வெண்டா தொடர்ந்து வெச்சிக்கொள்றதா செல்லியிருக்கீங்க. பாப்போம்."

சண்முகநாதன் பையிலிருந்து பிரதியை எடுத்து, அங்கேயே திரும்பிநின்று வாசித்தார். வெல்வதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. வீட்டில் சுதர்சினியும் கண்ணாடி போட்டு வாசித்துப் பார்த்தாள். திகதி போட்டதால் அந்த மனிதர் தானாக அப்படி ஊகித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று இருவரும் முடிவுக்கு வந்தார்கள். மனம் ஒரு விஷயத்தை ஆசைப்பட்டால் எந்த எழுத்திலும் அது தெரியும் போலும்.

நாலாவது கடிதம் எழுத அவருக்குத் தெம்பில்லை. முப்பதாம் திகதி நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று தள்ளிப்போட்டார்.

கெடு வந்ததும் அர்கம் வேறு ஆளாகிவிட்டார். விடிய ஐந்தரைக்கே மைதானத்தில் நின்றார். அம்பிகைபாகனை உட்காரவைத்து, எங்கே பிழை என்று கேட்டார். நாலு கழகத்திலும் அவர் யாரிடமும் அதைக் கேட்டதில்லை. பின்வரிசையில் ஆள் குறைவு என்று அம்பிகைபாகன் சொன்னார். இருவரும் மணலில் குச்சியால் கோடு போட்டுப் போட்டு, அணியை முழுதாக மாற்றினார்கள்.

முதல் மெட்ச்சில், எதிரணிக்காரன் ஒருவன் தன் கோலுக்குள்ளேயே பந்தை அடித்துக்கொடுத்தான். வெண்தாரகை ஒன்றுக்குப் பூச்சியம். இரண்டாவது மெட்ச்சை எதிரணியின் உதவியில்லாமலே வென்றார்கள். மூன்றாவது மெட்ச் இருபத்தெட்டாம் திகதி, பல்லேகலயில். அர்கமை மெசேஜ் போட்டு நிறுத்திய அதே கழகத்தோடு.

அன்றைக்கு முழுவதும் சண்முகநாதனுக்கு எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. வென்றால், கொடுக்காத வாக்கை எப்படிக் காப்பாற்றுவது? தோற்றால், அந்த முகத்தைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டும். எண்பதாவது நிமிடம்வரை இரண்டுக்கு இரண்டு. பிறகு மூலையிலிருந்து வந்த பந்து யாருடைய தலையிலோ பட்டுப் பல்லேகலக்காரர்களின் கோலுக்குள் போனது. ஆட்டம் புரியாத சண்முகநாதன், வலை ஆடியதைக் கண்டதும் எழுந்து நின்று குடையை ஆட்டினார். தான் எந்தப் பக்கம் வேண்டிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தோற்ற ஆத்திரத்தில் பல்லேகலக்காரர்கள் தங்கள் கோச்சை அன்று பின்னேரமே நிறுத்திவிட்டு, எதிர் வாங்கில் கண்ட அம்பிகைபாகனைக் கூப்பிட்டார்கள். அவர் போவதற்கு முன் அர்கமிடம் வந்து கைகொடுத்து, உங்களோடு நின்ற நாட்கள் நல்லாயிருந்தது அண்ணை என்றார். தன் உதவியாளன் இவ்வளவு சீக்கிரம் பெரிய கோச்சாகிவிட்டானே என்று அர்கமுக்குக் கண் கலங்கிவிட்டது.

ராஜலிங்கம் செயலாளரைக் கடைக்குக் கூப்பிட்டார். புதியவர் போய்விட்டார், பழையவர் மூன்று மெட்ச் வென்றிருக்கிறார்.

"மாஸ்டர், தோத்தா அனுப்புறாங்க. ஜெயிச்சா அங்க என்ன செய்றாங்க?"

இரண்டு வருடத்துக்கு வேலையை நீட்டிப்பார்கள் என்றார் சண்முகநாதன். இதுவும் வாய்க்கு வந்ததுதான். ஆனால் இந்தத் தடவை ராஜலிங்கம் தானும் அதை டீவியில் கண்டதாகச் சொன்னார்.

அன்று எழுதிய கடிதத்துக்கு ஒரே ஒரு தாள்தான் போனது. 'தங்களை மேலும் இரண்டு ஆண்டுகளுக்குப் பயிற்சியாளராக நியமிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.' தபாலை நம்பாமல், முப்பதாம் திகதி சண்முகநாதன் தானே அதை எடுத்துக்கொண்டு அலவத்துகொடவுக்குப் போனார். பஸ்ஸில் இரண்டு தடவை பிரித்து வாசித்தார். இதையும் அர்கம் தலைகீழாக விளங்கிக்கொண்டு ராஜினாமா செய்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு.

வாசலில் ஷஹ்மா நின்றாள். வாப்பா பள்ளிக்குத் தொழப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்றாள். சண்முகநாதன் கடிதத்தை நீட்டி, பிரித்துப் பாருங்கள் மகள், நல்ல செய்திதான் என்றார்.

அவள் நின்றபடியே வாசித்தாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். பிறகு கடிதத்தைக் கவனமாக மடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாப்பா வருகிறாரா என்று பாதையை ஒருதரம் பார்த்தாள்.

"வாப்பாக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது சேர், அவங்க படிச்சது சிங்கள மீடியம்," என்றாள் மெதுவாக. "முந்தின மூணு கடிதத்தையும் நான்தான் வாசிச்சிக் காட்டினேன். இதை மட்டும் நீங்க எழுதியிருக்கிற மாதிரியே வாசிக்கப்போறேன்."